ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு போறீங்களா? பிள்ளைக்கு ஸ்கூல் பார்க்கும் முன் இதைப் படிங்க!

வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, ப்ளூ கார்டு விசாவும் கைக்கு வரப்போகுது. குளிருக்கு ஜாக்கெட், பிரஷர் குக்கர், மிளகாய்த்தூள் என எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போட்டிருப்பீர்கள். ஆனால், ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது ஒரே கேள்விதான். 'பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேர்க்கறது?'

இணையத்தில் தேடினால் இன்டர்நேஷனல் ஸ்கூல், இருமொழிப் பள்ளி, ஐரோப்பியப் பள்ளி என்று வரிசையாக வந்து தலையைச் சுற்ற வைக்கும். 'எது பெஸ்ட் ஸ்கூல்?' என்று தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'நாம அங்கே எத்தனை வருஷம் இருக்கப் போறோம்?', 'பிள்ளைக்கு இப்போ என்ன வயசு?' இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜெர்மனியில் ஏறக்குறைய 6 வயதிலிருந்து பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். வீட்டில் வைத்துப் படிப்பு சொல்லிக்கொடுக்க அனுமதி இல்லை. 'கொஞ்ச நாள் ஆன்லைன்ல சி.பி.எஸ்.இ. படிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற திட்டம் அங்கே செல்லாது. பள்ளி நாளில் லீவு போட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வருவதும் சுலபமில்லை. அனுமதி இல்லாமல் வந்தால் பெற்றோருக்கு அபராதம் விழலாம்.

கல்வி அங்கே மாநிலங்களின் கையில் இருக்கிறது. ம்யூனிக்கில் இருக்கும் உங்கள் ஃப்ரெண்ட் சொன்ன விதி பெர்லினில் பொருந்தாமல் போகலாம். அதனால், நீங்கள் போகும் மாநிலத்தின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

என்னென்ன வகைப் பள்ளிகள்?

அரசுப் பள்ளி: கட்டணம் கிடையாது. தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டு முகவரியை வைத்தே முடிவாகும். பாடம் முழுக்க ஜெர்மனில். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்குத் தனி ஜெர்மன் வகுப்புகள் உண்டு. பெர்லினில் இதை 'வரவேற்பு வகுப்பு' என்கிறார்கள்.

இன்டர்நேஷனல் ஸ்கூல்: பாடம் ஆங்கிலத்தில். பெரும்பாலும் ஐ.பி. பாடத்திட்டம். ஃபிராங்க்ஃபர்ட், ம்யூனிக் போன்ற நகரங்களின் பெரிய பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 20,000 யூரோவைத் தாண்டும்.

இருமொழிப் பள்ளி: ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்து நடக்கும். ஃபோர்ம்ஸ் போன்ற தனியார் பள்ளிகள் பல நகரங்களில் இருக்கின்றன. பெர்லினில் கட்டணம் இல்லாமலே இது கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே 1992-ல் தொடங்கிய அரசு ஐரோப்பியப் பள்ளித் திட்டத்தில் ஜெர்மனுக்கும் இன்னொரு மொழிக்கும் சரிபாதி இடம். ஆங்கிலம் – ஜெர்மன் ஜோடியும் இதில் உண்டு. 1960-ல் தொடங்கிய ஜான் எஃப். கென்னடி பள்ளியும் அரசுப் பள்ளிதான். அங்கே ஜெர்மன் பள்ளியிறுதிச் சான்றான அபிட்டூர், அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமா இரண்டையும் பெறலாம். இந்தப் பள்ளிகளில் இடம் குறைவு, மொழித் திறனையும் சோதிப்பார்கள். இதை மட்டும் நம்பி இருக்காமல், இன்னொரு பள்ளியையும் பார்த்து வையுங்கள்.

'இருமொழி' போர்டை நம்பலாமா?

போர்டில் 'இருமொழி' என்று இருந்தாலும் உள்ளே நடப்பது மூன்று விதமாக இருக்கலாம். பாதிப் பாடம் ஒரு மொழியிலும் மீதி இன்னொரு மொழியிலும் நடப்பது ஒன்று. ஆங்கிலப் பள்ளியில் ஜெர்மனை வாரத்துக்குச் சில பீரியட் மட்டும் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. ஜெர்மன் பள்ளியில் ஓரிரு பாடங்களை மட்டும் ஆங்கிலத்தில் நடத்துவது மூன்றாவது. மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான், பலன் வேறு வேறு. பள்ளியைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

* கணக்கும் அறிவியலும் எந்த மொழியில்? டைம் டேபிளைக் காட்ட முடியுமா?
* எங்கள் பிள்ளைக்கு ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. முதல் வருஷம் தனியாக என்ன உதவி செய்வீர்கள்?
* இடைவேளையில் பிள்ளைகள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? (முடிந்தால் இடைவேளை நேரத்தில் போய் நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள்.)
* படிப்பு முடிக்கும்போது கிடைப்பது அபிட்டூரா, ஐ.பி. டிப்ளோமாவா?
* கட்டாயக் கல்விச் சட்டப்படி இந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, அல்லது நாங்கள் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா?

ஐ.பி. டிப்ளோமாவை ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால், எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. 11-ம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

எத்தனை வருஷம்? எந்த வயசு?

'ஆறே மாசத்துல குழந்தை ஜெர்மன் பேசிடும்' என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். விளையாட்டு மைதானத்தில் பேசுவது வேறு, பாடம் புரிந்து பரீட்சை எழுதுவது வேறு. இந்த வித்தியாசத்தை 1979-லேயே விளக்கியவர் கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். புது மொழியில் சரளமாகப் பேச சுமார் 2 ஆண்டுகள் ஆகும், பாடம் படிக்கும் அளவுக்கு அந்த மொழி கைவர 5 ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும் என்பது அவருடைய ஆய்வுகள் சொல்வது. இதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

2 வருஷத்தில் நிச்சயம் திரும்புகிறீர்களா? ஏற்கெனவே ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை என்றால் ஆங்கிலத்தில் நடக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல் வசதி. திரும்பி வந்து சி.பி.எஸ்.இ.-யில் சேரும்போது தடங்கல் குறையும்.

பிள்ளைக்கு 7 வயதுக்குள், நீண்ட நாள் இருக்கும் எண்ணமா? அரசுப் பள்ளியையோ பாதிக்குப் பாதி இருமொழிப் பள்ளியையோ தைரியமாகப் பாருங்கள். மொழியைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

9, 10 வயதா? இங்கேதான் அதிக யோசனை தேவை. பெரும்பாலான மாநிலங்களில் 4-ம் வகுப்பு முடிந்ததும், பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் 6-ம் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளை வேறு வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கான நேர் வழி 'கிம்னாசியும்' என்ற மேல்நிலைப் பள்ளி. பவேரியாவில் அதில் சேர ஜெர்மன், கணக்கு, சூழலியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 2.33-க்குள் இருக்க வேண்டும். அங்கே 1 தான் முதல் தர மதிப்பெண், 6 கடைசி. மொழியே தெரியாமல் 4-ம் வகுப்பில் போய் உட்காரும் பிள்ளை, புத்திசாலியாக இருந்தும் இந்த எண்ணை எட்டாமல் போகலாம். பிற்பாடு மாறிக்கொள்ள வழிகள் உண்டு என்றாலும் சுற்றுவழிதான். இந்த வயதுக்கு, ஜெர்மன் கற்க அவகாசம் தரும் இருமொழிப் பள்ளி கைகொடுக்கும்.

14 வயதுக்கு மேலா? ஐ.பி. தரும் ஆங்கிலவழிப் பள்ளிதான் பெரும்பாலும் பாதுகாப்பான வழி. ஜெர்மனைப் பக்கத்திலேயே படிக்கட்டும்.

இன்னொரு விஷயம். 'ரெண்டே வருஷம்தான்' என்று கிளம்பிப் போய் அங்கேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. ப்ளூ கார்டு வைத்திருப்பவர், பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதங்களிலேயே நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 அளவு என்றால் 27 மாதங்கள். அதனால், கணவனும் மனைவியும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். இன்டர்நேஷனல் ஸ்கூலில் 4 வருஷம் படித்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஜெர்மனில் பேசத் தெரியவில்லை என்றால், அந்த ஊரில் அந்தப் பிள்ளை விருந்தாளியாகவே இருக்கும்.

பணம்... முன்கூட்டியே பேசுங்க!

பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். எத்தனை வருஷம் தரும், சேர்க்கைக் கட்டணமும் பஸ் கட்டணமும் அடங்குமா, அந்தத் தொகைக்கு வருமான வரி விழுமா... எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். 2 வருஷத்தில் கம்பெனி நிறுத்திவிட்டால், ஜெர்மன் தெரியாத பிள்ளை நடுவில் அரசுப் பள்ளிக்கு மாற வேண்டிவரும். கைக்காசு போட்டுக் கட்டினால், தகுதியுள்ள தனியார் பள்ளிக் கட்டணத்தில் 30 சதவிகிதம், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000 யூரோ வரை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை

* பிறப்புச் சான்றிதழ், கடைசி இரண்டு வருஷ ரிப்போர்ட் கார்டு, டி.சி. இவற்றின் ஆங்கில அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பு.
* தடுப்பூசி அட்டை. 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்கான ஆதாரம் பள்ளிகளில் கட்டாயம்.
* அங்கே கல்வியாண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். நம் ஊரில் ஜூன். இதையும் பார்த்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது மொழி எங்கே?

இருமொழிப் பள்ளியில் சேர்த்தாலும் உங்கள் பிள்ளைக்கு மொழிகள் மூன்று. ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழைப் பார்த்துக்கொள்ள உங்களைத் தவிர யாரும் இல்லை. 'குழப்பமாயிடும்'னு பயந்து வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தெரிந்த மொழியில் நன்றாகப் பேசி, கதை கேட்டு வளரும் பிள்ளைக்குப் புது மொழியைக் கற்க அது துணையாகத்தான் இருக்கும். ஈழத் தமிழர்கள் ஜெர்மனியின் பல நகரங்களில் வார இறுதியில் தமிழாலயங்களை நடத்துகிறார்கள். வீடு பார்க்கும்போதே பக்கத்தில் ஒன்று இருக்கிறதா என விசாரியுங்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் 10-ம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. பிற்பாடு அது சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. தினமும் 15 நிமிடம் தமிழ் வாசிக்க வைத்தால், திரும்பி வந்து 7-ம் வகுப்பில் 'அ, ஆ'-விலிருந்து ஆரம்பிக்கும் நிலை வராது. போகும்போது பெட்டியில் நான்கு தமிழ்க் கதைப் புத்தகங்களுக்கும் இடம் வையுங்கள்.