கோமாளி மீன் வீட்டுக்கு வந்த கதை

2003ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்த பிறகு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் குட்டி மீனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் கோமாளி மீன் ஒரு வீட்டுத் தொட்டியில் பிழைத்திருக்க, மனிதர்கள் நூறு வருஷத்துக்கும் மேல் பாடம் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடம் இதுதான்: முதலில் தண்ணீர் தயாராக வேண்டும், அப்புறம்தான் மீன்!

கதை லண்டனில் தொடங்குகிறது. 1846ல் ஆன்னா தைன் என்ற பெண்மணி, டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். தண்ணீரில் காற்று கலக்க வேண்டுமே, பம்பு ஏது? பணிப்பெண் திறந்த ஜன்னலோரம் நின்று, நம்மூரில் டீ ஆற்றுவது போல, கடல்நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்கென்றே ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் கடல்நீர்த் தொட்டி ஆசையை இங்கிலாந்து முழுக்கப் பரப்பியது.

கோமாளி மீன் அப்போது இந்தக் கதையில் இல்லை. கொட்டும் கடற்சாமந்திக்குள் மீன் ஒன்று பயமில்லாமல் குடியிருப்பதை, சீனக் கடல் பக்கம் போன கத்பர்ட் காலிங்வுட் 1868ல்தான் எழுதினார். மீனின் உடம்பில் உள்ள வழவழப்பான படலம்தான் அதற்குக் காப்பு என்று 1958ல் டேவன்போர்ட், நாரிஸ் என்ற இருவர் சோதனை செய்து காட்டினார்கள்.

1960களில் செயற்கைக் கடல் உப்பு கடைக்கு வந்தது. கடலே இல்லாத ஊரிலும் கடல்நீர் தயார்! ஆனாலும் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன. ஏன்?

காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அது விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி 1890 வாக்கிலேயே கண்டுபிடித்துவிட்டார். மீன் வளர்ப்பவர்களிடம் அந்த அறிவு வந்து சேரத்தான் தாமதம். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961ல் எழுதிய கட்டுரையில், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளும் காற்றுக் குமிழிகளும் போதும் என்றார். 1970ல் ஸ்டீபன் ஸ்பாட் தன் புத்தகத்தில், வடிகட்டி என்பது பாக்டீரியா குடியிருக்கும் இடம் என்பதை விளக்கினார். புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

இன்னொரு சோகமும் உண்டு. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸில் சயனைடு தெளித்து மீன்களை மயக்கிப் பிடித்தார்கள். அப்படி வந்த பல மீன்கள் சில வாரங்களில் செத்தன. வாங்கியவரோ தன் கவனிப்பில்தான் குறை என்று நினைத்தார்! இதற்கு நல்ல மாற்று, தொட்டியிலேயே பிறந்த மீன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீன்களை வணிக அளவில் வளர்த்துக் காட்டினார். பின்னாளில் நம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இதைச் சாதித்தது.

கோமாளி மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண். அது போய்விட்டால் ஆண் மீன் பெண்ணாக மாறும். 1977ல் ஃப்ரிக்கே தம்பதியர் இதை வெளியிட்டார்கள். இரண்டு சிறிய மீன்களைச் சேர்த்து விட்டால் தாமே ஜோடியாகிவிடும் என்று இன்று சொல்வது இதனால்தான்.

மற்ற விதிகளும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவைதான். மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்க விட்டால் வெப்பம் சமமாகும். பிறகு தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்தால் உப்பின் அளவுக்கு மீன் பழகும். அன்று முழுக்க விளக்கை அணைத்து வைத்தால் பயம் தெளியும். தொட்டியில் பிறந்த மீனுக்குக் கடற்சாமந்தி கட்டாயமில்லை.

இதில் கஷ்டமான வேலை, மீனே இல்லாத தொட்டியை ஒரு மாதத்துக்கு மேல் ஓட விட்டுக் காத்திருப்பதுதான். படம் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு அந்தப் பொறுமை இருக்காது. பெரியவர்களுக்காவது இருக்க வேண்டும். காத்திருந்தால், பத்து வருஷத்துக்கு மேலும் அந்த மீன் கூடவே வாழும்!