ஸ்ட்ரெஸ்: பாடப்புத்தகத்துல இருந்து மனசுக்கு வந்த வார்த்தை

தேனி மாவட்டத்துல, தேவாரம் பக்கம் பொட்டிப்புரம்னு ஒரு ஊர். நியூட்ரினோ செய்திகள்ல பேர் கேட்டிருப்பீங்க. அங்க இருக்கிற அம்பரப்பர் மலைக்குள்ள கிட்டத்தட்ட 2 கிலோமீட்டருக்கு சுரங்கப்பாதை குடைஞ்சு, 50,000 டன் இரும்புல ஒரு டிடெக்டர் வைக்கிறதா திட்டம். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஊர்மக்கள் எதிர்த்தாங்க, வழக்கு நடந்துச்சு. 2022-ல தமிழக அரசு, அனுமதிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றத்துல சொல்லிடுச்சு.

இன்னிக்கு எபிசோட் நியூட்ரினோ பத்தி இல்ல. இன்ஜினியரிங் படிக்கும்போது "செம ஸ்ட்ரெஸ்டா"ன்னு சொல்றோம்ல, அந்த வார்த்தையோட வரலாறு. மலையில ஆரம்பிச்சா சுலபமா புரியும்.

அந்தக் குகைக்கு மேல ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமா பாறை. ஒரு கன மீட்டர் பாறை சுமார் 2.7 டன்னு வச்சா, ஒரு கிலோமீட்டர் ஆழத்துல ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 2,700 டன். சுமையைப் பரப்பால வகுத்தா ஸ்ட்ரெஸ். 1822-ல பிரெஞ்சுக் கணித மேதை கோஷி இதுக்கு ஒழுங்கான கணித வடிவம் கொடுத்தார். நம்ம 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர்ல பாதி அவர் போட்ட அஸ்திவாரம்தான்.

மனசுக்கு இந்த வார்த்தை எப்படி வந்துச்சு? கனடாவுல ஹான்ஸ் செல்யேன்னு ஒரு டாக்டர். 1936-ல, எலிகளுக்குக் குளிர், காயம், விஷம்னு எதைக் கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பாதிக்கப்படறதைப் பார்த்தார். பின்னாடி அதுக்கு 'ஸ்ட்ரெஸ்'னு பேர் வச்சார். தன்னோட இங்கிலீஷ் இன்னும் நல்லா இருந்திருந்தா 'ஸ்ட்ரெய்ன்'னு வச்சிருப்பேன்னு அவரே பிற்காலத்துல ஒத்துக்கிட்டார். ஏன்னா வெளியில இருந்து வர்ற அழுத்தம் ஸ்ட்ரெஸ். அதனால உள்ள ஏற்படற மாற்றம் ஸ்ட்ரெய்ன்.

இந்தக் குழப்பம் நமக்கு முக்கியம். ஒரு பையன் உடைஞ்சா, நாம அவன் எவ்வளவு ஸ்ட்ராங்னு மட்டும்தான் கேட்கிறோம். மேல எவ்வளவு சுமை, அதைத் தாங்க எவ்வளவு பரப்புன்னு கேட்கிறதே இல்ல.

எனக்கு மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர். வீட்டுக்கு போன் பண்ணி "ஆல் கிளியர்ப்பா"ன்னு சொன்னேன். அடுத்த ஆறு மாசம் அந்த ரெண்டு பேப்பரை விட அந்தப் பொய்தான் கனமா இருந்துச்சு. தூக்கம் போச்சு. கடைசியில என் ரூம்மேட்கிட்ட சொன்னேன். "எனக்கு மூணு, மச்சி"ன்னான். அரியர் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்.

2020 ஆகஸ்ட்ல, கொரோனா காலத்துல, அரியர் தேர்வு ரத்துன்னு தமிழக அரசு அறிவிச்சப்போ முதலமைச்சருக்கு நன்றி சொல்லி பேனரே வச்சாங்க. நாம மீம் போட்டுச் சிரிச்சோம். அப்புறம் விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. ஆனா அந்தப் பேனருக்குப் பின்னாடி எத்தனை பேர் வீட்டுல சொல்லாம வச்சிருந்த அரியர் இருந்திருக்கும்?

பரப்பைக் கூட்டுற வேலையும் இங்க நடந்திருக்கு. 2010-ல முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்துச்சு. அதே வருஷம் அண்ணா பல்கலைக்கழகத்துல சிவில், மெக்கானிக்கல் ரெண்டும் தமிழ்லயே படிக்கலாம்னு ஆச்சு. ஃபீஸ், மொழின்னு ரெண்டு சுமைக்கு கொஞ்சம் தாங்கல். 2022 அக்டோபர்ல டெலி மனஸ் வந்துச்சு. 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

திரும்ப மலைக்கு வருவோம். பாறையைக் குடைஞ்சா மேல இருக்கிற சுமை காணாமப் போகாது, பக்கத்துப் பாறைக்கு மாறும். அதனால சுரங்க இன்ஜினியர்கள் குடையக் குடையவே ராக் போல்ட் அடிப்பாங்க, பாறை எத்தனை மில்லிமீட்டர் நகருதுன்னு கருவி வச்சு அளப்பாங்க. விரிசல் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. "பாறை வீக்கா இருக்கு"ன்னு திட்டவும் மாட்டாங்க.

ரெண்டு வாரமா தூக்கம் சரியில்ல, சாப்பாடு இறங்கல, கிளாஸுக்குப் போகவே பயமா இருக்குன்னா, அதுதான் உங்க அளவுமானி காட்டுற மில்லிமீட்டர். இன்னிக்கே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. ரூம்மேட், அக்கா, நம்பிக்கையான ஒரு சார், இல்லைன்னா 14416. யாராவது உங்ககிட்ட வந்து சொன்னா, "ஸ்ட்ராங்கா இருடா"ன்னு முடிச்சிடாதீங்க. பக்கத்துல உக்காருங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.