பித்தளைக் கைப்பிடியின் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன வருடம் பாட்டிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நான்கு இரவுகள் இருந்தேன். தூக்கம் வராமல், வார்டுக் கதவின் ஸ்டீல் கைப்பிடியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று ஒரு ராத்திரி எண்ணினேன். ஐம்பதோடு நிறுத்திவிட்டேன். அதுவரை யாரும் அதைத் துடைக்கவில்லை. அந்த உறுத்தலில் தேடிப் படித்த வரலாறு இது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஈரி நகரில் ஹாமட் மருத்துவமனை. அங்கே துப்புரவுப் பணிக்குப் பயிற்சி பெற்றவர்களைக் கதவுக் கைப்பிடிகளில் இருந்து கிருமி மாதிரி எடுக்கச் சொன்னார் ஃபிலிஸ் குன் என்ற ஆய்வாளர். முடிவு தலைகீழாக வந்தது. பளபளவென்று இருந்த ஸ்டீல் கைப்பிடிகளில் கிருமிகள் மண்டிக் கிடந்தன. பித்தளைக் கைப்பிடிகளிலோ சொற்பம்தான்!

சந்தேகம் தீர, உலோகத் தகடுகளில் கிருமிகளைத் தடவிப் பார்த்தார். செம்பில் சில கிருமிகள் 15 நிமிடத்திலேயே சாகத் தொடங்கின. பித்தளையில் அதிகபட்சம் 7 மணி நேரம், புதிதாகத் தேய்த்த பித்தளையில் ஒரே மணி நேரம். ஸ்டீலில் 3 வாரம் கழித்தும் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். செம்பிலிருந்து வெளிப்படும் அயனிகள் கிருமியின் சவ்வைச் சிதைத்துவிடுகின்றன.

1983-ல் இதை எழுதிய அவர் சொன்ன யோசனை எளிமையானது. மருத்துவமனையைப் புதுப்பிக்கும்போது பழைய பித்தளையைக் கழற்றாதீர்கள். ஸ்டீல்தான் இருக்கிறதென்றால் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள்.

உலகம் மெதுவாகத்தான் கேட்டது. 2008-ல்தான் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் செம்புக் கலவைகளைக் கிருமிக்கொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. அங்கே 3 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டில் கம்பி, மேஜை போன்றவற்றைச் செம்பில் அமைத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. செம்பு வைத்த அறைகளில் நோய்த்தொற்று பாதிக்கும் கீழே இருந்தது. ஆனால் செம்பு இருந்தாலும் துடைக்கும் வேலை மிச்சமாகாது. இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. பழைய கைப்பிடியின் மதிப்பு வருடா வருடம் குறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். அது தடுத்த காய்ச்சலை எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது. தினமும் துடைக்கிற ஊழியரின் சம்பளமோ செலவுப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். சிக்கனம் என்றால் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள்.

பாட்டி நலமாக வீடு திரும்பிவிட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பித்தளைக் குடங்களை எல்லாம் பாத்திரக்காரரிடம் போட்டுத்தான் எவர்சில்வர் வாங்கினாராம்.

"பளபளன்னு இருந்துச்சுடா, சுத்தம்னு நெனச்சோம்" என்றார்.