நீருள் அதிர்ந்த படிகம்

குவார்ட்சுப் படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றும் என்று 1880இல் பாரிசில் கியூரி சகோதரர் கண்டனர். மின்னழுத்தம் ஊட்டினால் படிகம் சுருங்கி விரியும் என்பது மறு ஆண்டில் உறுதியாயிற்று. நெடுநாள் அது ஆய்வகத்து வியப்பாகவே கிடந்தது. செருமானிய நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்த 1917இல், பியேர் கியூரியின் மாணவர் பால் லாஞ்செவின் அதனைக் கடலுக்குக் கொணர்ந்தார்.

நீரில் அதிரும் தகடு அருகிலுள்ள நீரையும் சுமந்தே அசையும். அதனால் அதிர்வெண் தாழும், ஆற்றல் அலையாய் வெளியேறும். தடித்த படிகத்திற்கோ பேரளவு மின்னழுத்தம் வேண்டும். மெல்லிய குவார்ட்சை இரு எஃகுத் தகடுகளுக்கு இடையே பொருத்தினார் அவர்; மூன்றும் ஓருடலாய் அதிர்ந்தன. அலையின் வழியில் வந்த மீன்கள் மாண்டன. நீரில் இட்ட கை வலித்தது. 1918 தொடக்கத்தில் நீர்மூழ்கியின் எதிரொலியும் கிட்டியது. நவம்பரில் போர் ஓய்ந்தது. அக்கருவி அதன்பின் கடலாழம் அளக்கச் சென்றது.