பூந்தோட்டமும் பஞ்சமி நிலமும்

திருவண்ணாமலை சுற்றுவட்டாரக் கிராமங்களில் குண்டுமல்லி, சாமந்தி, சம்பங்கி எல்லாம் பணப்பயிர்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் பூ போய்க்கிட்டே இருக்கு. தோட்டம் யாருது, பறிக்கிற கை யாருது என்று கேட்டால் நம் வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்க ஆயா காலமெல்லாம் கூலிக்குப் பூப்பறிச்சவங்க. இருட்டோட போய், மொட்டு விரியறதுக்குள்ள பறிக்கணும். விரிஞ்சா விலை போகாது. செடியோட குணமெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. ஆனா சொந்தமா ஒரு செடி வச்சதில்லை.

காரணம் பயிரிலேயே இருக்கிறது. மல்லி ஒரு போகத்துப் பயிரல்ல. நட்டால் பத்து வருஷத்துக்கு மேல பூக்கும். கார்த்திகை வாக்கில் கவாத்து பண்ணி, எரு போட்டு, பங்குனி வரைக்கும் பெரிய வரும்படி இல்லாமல் காத்திருக்கணும். கோடையில் தண்ணி கட்டணும். நிலம் கையில் நிலைக்கணும், கிணறு வேணும், கைமுதலும் வேணும். வருஷக் குத்தகைக்காரன் எதை நம்பி மல்லி வைப்பான்?

நிலம் எழுதப்படாமல் இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்கீர் 1891இல் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 30.9.1892இல் அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணத்தில் தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு வழங்கப்பட்டன. முதல் 10 வருஷம் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் அச்சாதியாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மீறினால் கைமாற்றம் செல்லாது.

சட்டம் நல்ல சட்டம்தான். கிடைத்தது தரிசு. கிணறு வெட்ட யார் பணம் கொடுத்தது? கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏராளமான நிலம் கைமாறிப் போச்சு. மீட்கப் போன காரணை மக்களின் போராட்டத்தில், 10.10.1994 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

கோயில் கதை மட்டும் வேறா? சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் 1939இல் வந்தது. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 30.1.2023 அன்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

இன்றைக்கு நீடித்த தோட்டக்கலை என்கிறார்கள். தொழுவுரம், மூடாக்கு, சொட்டுநீர் எல்லாம் நல்லதுதான். ஆனா சொட்டுநீர் மானியம் கேட்டுப் போனால் பட்டாவும் சிட்டாவும் கேட்கிறார்கள். பட்டா நம்ம கையிலயா இருக்கு? மண்வளம் நீடிச்சா மட்டும் போதாது. உழைக்கிறவன் கையில் நிலமும் நீடிக்கணும். பஞ்சமி நிலத்தைக் கிணத்தோட திருப்பிக் கொடுக்கட்டும்; மல்லியை எப்படி வளர்க்கிறதுன்னு எங்க பொம்பளைங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.