தொட்டில் கட்டிய இடம்

பேராக் மாநிலத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரப்பர் விலையையும், கங்காணி முறையையும், கூலி விகிதத்தையும், தொழிற்சங்கப் போராட்டங்களையுமே ஆதாரமாகக் கொண்டனர். அவை இன்றியமையாத செய்திகளே. எனினும், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஒரு கூட்டம் எப்பொழுது இந்நாட்டின் மக்களாயிற்று என்னும் வினாவுக்கு அவற்றில் முழு விடை கிடைப்பதில்லை. அந்த விடை, லயத்து வீட்டின் விட்டத்தில் தொங்கிய பழஞ்சேலைத் தொட்டிலில் இருக்கின்றது. குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, முடியிறக்கிக் காது குத்திக்கொண்ட இடமே ஒரு குடும்பத்திற்கு ஊராகின்றது. அந்த உண்மையைப் பேராக்கின் தோட்டங்களைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டும் இடங்கள் சிலவே.

தொட்டில் அரிதாயிருந்த காலம்

1877-ஆம் ஆண்டில் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் இரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றுள் ஒன்று இன்றும் அந்நகரில் முதுமரமாக நிற்கின்றது. ஆயினும், தமிழர் இம்மாநிலத்திற்கு வந்தது இரப்பருக்காக மட்டுமன்று. அதற்கு முன்னரே கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறவே, கரும்பு நின்ற நிலங்களிலும் காடழித்த நிலங்களிலும் இரப்பர் பரவியது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் முதலிய இடங்களைச் சுற்றிலும் தோட்டங்கள் தோன்றின.

தொடக்கத்தில் வந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஆடவரே. மூன்றாண்டு உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பதே அவர்களது எண்ணம். தோட்ட நிருவாகங்களும் அவர்களைக் குடும்பத்தினராகக் கருதவில்லை. ஆள் எண்ணிக்கையாகவே கருதின. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுற்றது. கங்காணி தன் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையே அழைத்து வரும் முறை வலுப்பெற்றது. அதனால் கணவனோடு மனைவியும், மனைவியோடு மாமியும் வரலாயினர். லயங்களில் தாலாட்டு ஒலிக்கத் தொடங்கியது.

ஆனால், பிறந்த குழந்தைகள் எல்லாம் நடை பழகும் வயதை எட்டியதில்லை. மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழு நோயும் தோட்டங்களில் ஓயாமல் இருந்தன. காடழித்த இடங்களில் ஓடைகள் வெயில் படும்படி திறந்ததால் கொசு பெருகியது. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அம்முறை தோட்டங்களுக்கு மெல்ல மெல்லவே வந்தது. முதல் ஆண்டு நிறைவு அந்நாளில் பெருமூச்சோடு கொண்டாடப்பட்டதன் காரணம் இதுவே. பிள்ளை பிழைத்தது என்பதே விழாவாக இருந்தது.

பிரட்டும் ஆயாக் கொட்டகையும்

விடியுமுன் பிரட்டு மணி அடிக்கும். அதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்னரே தாய் எழுந்து அடுப்பு மூட்டி, தேநீர் காய்ச்சி, சோறு பொங்கி, உறங்கும் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவாள். வழியில் ஆயாக் கொட்டகையில் அதனை விட்டுவிட்டுப் பெயர் கொடுக்க நிற்பாள். பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து, காண்டாவில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவந்தபின்னரே பிள்ளையின் முகத்தைக் காண்பாள். 1920-களின் இறுதியில் பெண்ணுக்கு நாட்கூலி 40 காசு, ஆணுக்கு 50 காசு என்ற கணக்கு வழங்கியது. மார்பில் பால் கட்டிக்கொண்டு நின்று மரத்தில் பால் வடித்த தாயின் நிலையை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.

ஆயாக் கொட்டகை நிருவாகத்தின் இரக்கத்தால் மட்டும் எழுந்ததன்று. இந்திய அரசு 1922-இல் இயற்றிய குடியேற்றச் சட்டத்தின் அழுத்தத்தால், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மகப்பேற்று உதவித்தொகை, குழந்தைக் காப்பகம், தோட்டப் பள்ளி ஆகியவற்றை முதலாளிகளின் கடமையாக்கியது. தமிழ்ப்பள்ளிகளின் பெருக்கத்திற்கு இச்சட்டம் காரணமாயிற்று என்பதைப் பலரும் அறிவர். அதே சட்டமே பள்ளிக்கு முந்திய பருவத்தையும் தொட்டது என்பதை நினைப்போர் குறைவு.

கொட்டகை என்பது பெரும்பாலும் தகரக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட ஒற்றை அறையே. விட்டத்திலிருந்து வரிசையாக ஏணைகள் தொங்கும். மரம் வெட்ட இயலாத முதியவள் ஒருத்தி ஆயாவாக இருப்பாள். ஒரு கையால் ஓர் ஏணையை ஆட்டி, மறுகையால் வேறொரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டி, காலால் மூன்றாவது பிள்ளை வாசல் தாண்டாமல் மறித்துக்கொள்வாள். சாதி, ஊர் என்ற வேறுபாடுகள் லயத்தில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும், கொட்டகைப் பாயில் எல்லாக் குழந்தைகளும் ஒருங்கே கிடந்தன. அந்த வகையில், ஆயாக் கொட்டகையே தோட்டத்துப் பிள்ளைகளின் முதற் பள்ளிக்கூடம் எனலாம்.

அங்குக் குறைகளும் இருந்தன. தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சர்க்கரை சேர்த்த டின்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் மலாயா முழுவதும் பரவியிருந்தது. 1939-இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் நிகழ்த்திய உரையில், இப்பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்வதைக் கொலைக்கு ஒப்பான குற்றமெனக் கண்டித்தார். பிரட்டுக்கு ஓடிய தாய்க்கு வேறு வழி இருந்ததா என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பருவங்களும் சடங்குகளும்

தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகக் கண்டு போற்றியது. உண்ணும் சோற்றில் கையை விட்டு அளைந்து மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் மழலை இல்லாத வாழ்வு வெறுமையானது என்று சங்ககாலப் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிவைத்தான். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் அவ்வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தது. காப்பில் தொடங்கி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, தாலாட்டுக் கேட்கும் தால், கைகொட்டும் சப்பாணி, முத்தம், தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை அழைக்கும் அம்புலி என அது வளர்ந்து செல்லும். அரசரையும் தெய்வத்தையும் குழந்தையாக்கிப் பாடிய அப்பருவங்கள் ஏட்டறியாத தோட்டத்துப் பிள்ளைகளிடமும் தவறாது நிகழ்ந்தன.

காப்புப் பருவம் அரைஞாண் கயிற்றிலும், வசம்பு கோத்த வளையத்திலும், கன்னத்தில் இட்ட கரும்பொட்டிலும் விளங்கிற்று. முப்பதாம் நாளில் வீடு மெழுகித் தீட்டுக் கழித்து, தலைமுடி களைந்து, தொட்டிலிலிட்டுப் பெயர் சூட்டினர். பேறு பார்த்தவள் தமிழ் மருத்துவச்சியாகவும் இருப்பாள். அருகிலுள்ள கம்பத்து மலாய்ப் பீடானாகவும் இருப்பாள். செங்கீரையாடும் குழந்தைக்கு உரம் விழுந்தால் லயத்து மூதாட்டி முறத்திலிட்டு எடுத்தாள். உரைமருந்தும் வேப்பிலையும் முதல் மருந்துகள். அவற்றுக்கு மிஞ்சினால்தான் தோட்டத்து டிரஸ்ஸர். தளர்நடை பழகியது பலகைத் திண்ணையில். சிற்றில் கட்டியது வாசல் மணலில். கழங்காக உருண்டவை இரப்பர் கொட்டைகள்.

காது குத்துச் சடங்கில்தான் புலம்பெயர்ந்தோரின் இழப்பும் அவர்கள் கண்ட ஈடும் ஒருங்கே புலப்பட்டன. குழந்தையை மடியில் இருத்தவேண்டியவர் தாய்மாமன். அவரோ கடலுக்கு அப்பால், சேலத்திலோ திருச்சியிலோ தஞ்சையிலோ இருந்தார். எனவே, பக்கத்து வீட்டுக்காரர் மாமனானார்; அவர் கொண்டுவந்த தேங்காய் பழமும் புதுச்சட்டையும் மாமன் சீராயின. ஒரு நாள் சடங்குக்காக ஏற்ற உறவு பல குடும்பங்களில் கொள்வினை கொடுப்பினையாக நிலைத்தது. குலதெய்வக் கோயிலில் இறக்கவேண்டிய முடியைத் தோட்டத்து மாரியம்மன் முன்னிலையிலும் முனியாண்டி மரத்தடியிலும் இறக்கினர். அத்தெய்வங்கள் அதனால் குலதெய்வங்களாயின.

தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோவிலுள்ள கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தோட்டத்து மக்கள் திரண்டு வருவர். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றோர், கரும்புக் கழிகளில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகக் கட்டி, அதனுள் குழந்தையைக் கிடத்தி, தோளில் சுமந்து கோயிலை வலம் வருவர். அவ்வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கின்றது. கிரியானில் கரும்புத் தோட்டங்கள் மறைந்து நூறாண்டு கடந்தபின்னும், கரும்பு பேராக் தமிழரிடம் தொட்டிலாக நிற்பது எண்ணத்தக்கது.

போரும் அவசரகாலமும்

1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு உதவிபெற்றுத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடைசெய்தது. அதன்பின் தோட்டத்தின் அடுத்த தலைமுறை ஏணையிலிருந்தே வரவேண்டியதாயிற்று. 1931-இல் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே இம்மண்ணில் பிறந்தவர். 1947 கணக்கெடுப்பில் ஏறத்தாழ பாதிப்பேர் இங்குப் பிறந்தோராயினர். ஊர் திரும்பும் எண்ணம் எங்கே கரைந்தது என்பதை இவ்விரு கணக்குகளே சொல்லும்.

இடையில் வந்த ஜப்பானிய ஆட்சி தொட்டில்களைக் கடுமையாகச் சோதித்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டத்து ஆடவர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பகுதியினர் மீளவில்லை. தந்தையின் முகமறியாப் பிள்ளைகளை மரவள்ளிக் கிழங்கூட்டி வளர்த்தவர் தாய்மாரே. அந்நாளில் ஈப்போவிலும் பாப்பானிலும் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் தொண்டாற்றிய சிபில் கார்த்திகேசு, போராளிகளுக்கு மருந்திட்டமைக்காகச் சித்திரவதைக்குள்ளாகி, 1948-இல் மறைந்தார்.

அதே ஆண்டு சூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அரிசியும் டின்பாலும் அளந்தே கொடுக்கப்பட்டன. 1960 வரை நீடித்த அக்காலத்தில் நடை பழகிய பிள்ளைகள் வேலியையே உலகின் எல்லையாகக் கண்டனர்.

ஒரு தாளின் மதிப்பு

1957-இல் நாடு விடுதலை பெற்றபொழுது குழந்தையின் பிறப்பு ஒரு புதிய பொருள் கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை கூட்டரசில் பிறந்தோர் சட்டப்படி குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்து, ஏற்கெனவே குடியுரிமை பெறாதிருந்தோர் பதிந்து அதனைப் பெறவேண்டியிருந்தது. 1962-க்குப் பின் பெற்றோரின் நிலையும் கேட்கப்பட்டது. ஆகவே, பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் பத்திரம் பிள்ளையின் எதிர்காலமாயிற்று.

லயத்தில் பிறந்த பிள்ளையின் நாளைத் தாய் நட்சத்திரத்தாலும், ஆடித் திருவிழாவுக்கு முந்திய வாரம் என்ற கணக்காலும் நினைவில் வைத்திருந்தாள். அரசாங்கத்திற்கோ எண்ணும் தாளும் வேண்டும். கிராணி மறந்தால், தந்தை ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சிப் பதிவுக்குச் செல்லத் தவறினால், அக்குறை பிள்ளையைப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை வடிவில் பின்தொடர்ந்தது. சிவப்பு அட்டையோடு முதுமையடைந்தோர் பலர். குடியுரிமை அல்லாதோருக்கு வேலை அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி 1969-க்குப் பின் நடைமுறைக்கு வந்தபொழுது, பல்லாயிரவர் தாம் காணாத ‘தாய்நாட்டிற்கு’க் கப்பலேறினர். தொட்டில் கட்டிய இடம் ஊர் என்று நெஞ்சு சொல்லியது. தாள் அதனை ஒப்பவில்லை.

தோட்டம் கலைந்தபின்

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடற்றுப்போகும் குடும்பங்களைக் காக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். இரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் விட்டன. லயத்து மக்கள் புந்தோங், சிலிபின் முதலிய ஈப்போப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர்.

கிராமப்புறத் தாய் சேய் நல நிலையங்களும் தடுப்பூசியும் தூய நீரும் பெரும் நன்மை செய்தன. 1957-இல் தீபகற்பத்தில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 75 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். இன்று நாட்டில் அத்தொகை பத்துக்கும் கீழே. பெரும் அச்சமின்றி முதல் பிறந்த நாளை மண்டபம் எடுத்துக் கொண்டாடும் காலம் இது. அம்மகிழ்ச்சியைக் குறைகூற இடமில்லை. அதற்காக ஏங்கிய தலைமுறைகள் பல.

அதே வேளையில், தாய் தந்தை இருவரும் தொழிற்சாலைக்குச் செல்லும் அடுக்குமாடி வீட்டில், பிள்ளையை எவரிடம் விடுவது என்ற பழைய வினா புதிதாக எழுந்தது. 1984-ஆம் ஆண்டின் குழந்தை காப்பகச் சட்டம் காப்பகங்களைப் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்படுத்தியது. ஆயினும், கட்டணம் கொடுக்க இயலாத தாய்க்கு அச்சட்டம் மட்டும் போதாது. லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் பத்து வீட்டுக் கதவு திறந்தது. அத்தகைய அண்டையுறவு நகரத்திற்குத் தானாக வந்துவிடுவதில்லை. கோயில்களும் சங்கங்களும் பள்ளிகளும் முயன்று அதனை வளர்த்தல் வேண்டும்.

இப்பணியோடு மற்றொன்றும் காத்திருக்கின்றது. ஆயாக் கொட்டகையில் பணிபுரிந்த மூதாட்டியரும் அங்கே வளர்ந்தோரும் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்கள் நினைவிலுள்ள பிறந்த நாட்களும், மாமன் முறைகளும், தாலாட்டுகளும், முடியிறக்கிய மரத்தடிகளும் எழுத்தில் பதிவாதல் வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமையால் ஒரு பிள்ளை பட்ட துன்பத்தைக் கண்ட இச்சமுதாயம், தன் பிறப்பு வரலாற்றையே பதியாது விடுதல் தகாது.