இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?

சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் இறந்தார். தவறுதலாக நஞ்சை உட்கொண்டதால் வந்த சாவு. தமிழையும் தெலுங்கையும் சமஸ்கிருதத்தையும் ஆண்டுக்கணக்கில் படித்தவர் அவர். நாற்பது வயதுவரை படிப்பு, அதற்குப் பிறகுதான் புத்தகம் என்று தீர்மானம் வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக் காகிதங்கள் என்ன ஆயின? மதுரை கலெக்டர் பெட்ரியின் சமையல்காரர் மாதக்கணக்கில் அவற்றை வைத்து அடுப்பு மூட்டினார், கோழி பொசுக்கினார் என்று வால்டர் எலியட் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சமையல்காரரைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எழுத்தை நம்மிடமிருந்து ஒளித்து வைத்த நாட்டில், சமையற்கட்டில் நிற்பவருக்குக் காகிதம் என்பது எரியும் பொருள்தான். அதைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர் கலெக்டர்.

ஆனாலும் எல்லிஸ் முழுவதுமாக எரிந்து போகவில்லை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று நிறுவும் அவருடைய கட்டுரை 1816இலேயே அச்சாகியிருந்தது. அதுவும் அவர் புத்தகத்தில் இல்லை; காம்ப்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாக. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல்தான் வருகிறது. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே ஒருவர் இதைச் சொல்லிவிட்டார் என்று இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் வேறொருவர் கையில் வேறொரு பிரதி இருந்ததுதான்.

கம்ப்யூட்டர் பேக்கப் பற்றி எழுத வந்தவள் ஏன் எல்லிஸில் தொடங்குகிறேன் என்று கேட்கலாம். இன்று நம் இயக்கத்தின் வரலாறு கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஒரு லேப்டாப்பில் கிடக்கிறது. உண்மையறியும் குழு அறிக்கைகள், வன்கொடுமை நடந்த மறுநாள் எடுத்த போட்டோக்கள், ஆர்டிஐ பதில்களின் ஸ்கேன், மூத்த தோழர்களின் பேட்டி ஆடியோ எல்லாம் அதில்தான். பெரும்பாலும் ஒரே ஒரு பிரதி. எல்லிஸின் பெட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எல்லிஸ் கதையில் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரை வழியாக எல்லிஸுக்குச் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். ஓலைச்சுவடி மரபில் பேக்கப் என்பது அன்றாட வேலை. செல்லும் பூச்சியும் தின்பதற்குள் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்ட நூல் அந்தத் தலைமுறையோடு சரி.

பண்டிதரின் சொந்த எழுத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1907 ஜூனில் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையாக வருகிறது. ஓராண்டு கழித்துப் பெயர் 'தமிழன்' ஆகிறது. 1914இல் அவர் இறக்கும்வரை வாரந்தோறும் எழுதிக் குவித்தார். பிறகு கோலார் தங்கவயலிலிருந்து அப்பாத்துரையார் பொறுப்பில் அந்தப் பத்திரிகை மறுபடியும் வந்தது. அதற்குப் பின் நீண்ட மௌனம். தமிழ்நாட்டு அறிவுலகம் பல பத்தாண்டுகள் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர் சிந்தனைகள் பெருந்தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகு. இடையில் 85 ஆண்டுகள். இத்தனை காலமும் அந்த இதழ்களைக் காத்தது எந்தப் பெரிய நூலகமும் இல்லை. பௌத்த சங்கத்தோடு தொடர்புள்ள குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்ற நம் ஆய்வாளர்களும் வீட்டில் வைத்திருந்த கட்டுகள்தான் காத்தன. ஒரே வீட்டில் மொத்தமும் இருந்து அந்த வீட்டில் கரையான் ஏறியிருந்தால் இன்று அயோத்திதாசர் நமக்கு இல்லை.

தமிழன் தப்பியது. 'சூரியோதயம்' (1869), 'பஞ்சமன்' (1871), 'திராவிட பாண்டியன்' (1885), இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' (1893) என்று நீளும் பட்டியலில் பலவற்றுக்குப் பெயர்தான் மிச்சம், இதழ் கைக்குக் கிடைக்கவில்லை. மதராஸ் அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க வாராவாரம் ரகசியச் சுருக்க அறிக்கை தயாரித்து வந்தது. நாம் என்ன எழுதினோம் என்று அறிய, நம்மை வேவு பார்த்தவன் எடுத்த குறிப்பைப் புரட்ட வேண்டிய நிலை.

பாபாசாகேப் விஷயம் இன்னும் வேதனை. 1936இல் லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டையே ரத்து செய்தபோது, தயாரித்து வைத்திருந்த தலைமையுரையை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். சில மாதங்களில் தீர்ந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்தது. சாதி ஒழிப்பு நூலை இனி யாராலும் அழிக்க முடியாது. அத்தனை வீடுகளில் அது இருக்கிறது.

அச்சேறாத எழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1956 டிசம்பர் 6 அன்று அவர் இறந்தபோது டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அலமாரி அலமாரியாகக் காகிதங்கள் இருந்தன. அந்த வீடு கைமாறி, 1967 ஜனவரியில் சவிதா அம்பேத்கர் வெளியூரில் இருந்தபோது அவை முற்றத்தில் போடப்பட்டன. அன்றிரவு மழை பெய்தது என்று பாபாசாகேபின் செயலாளராக இருந்த நானக் சந்த் ரத்து எழுதியிருக்கிறார். மிஞ்சியவை வாரிசுச் சிக்கல், நீதிமன்றக் காவல் என்று அலைந்து, வசந்த் மூன் பதிப்பாசிரியராக 1979இல் மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிடும்வரை பெட்டிக்குள் கிடந்தன. அந்தத் தொகுதிகளைப் புரட்டிய தோழர்களுக்குத் தெரியும்: இடையிடையே, இங்கே பக்கங்கள் கிடைக்கவில்லை, இந்த அத்தியாயம் முற்றுப்பெறவில்லை என்று பதிப்பாளர் குறிப்பு வரும். இந்தியாவும் கம்யூனிசமும் பற்றி அவர் திட்டமிட்ட நூலில் சில பகுதிகள்தான் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் குறிப்பு வரும் இடங்களில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

அதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் அவர் எழுதிய முன்னுரை, மறு ஆண்டு வெளிவந்த பதிப்பில் இல்லை. அதன் பிரதி பிழைத்திருந்ததால் 1980இல் பகவான் தாஸ் தனிச் சிறுநூலில் அதை வெளியிட முடிந்தது.

இதுவரை சொன்னது அலட்சியமும் மழையும் கரையானும். வேண்டுமென்றே அழிப்பது தனி வரலாறு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நுழைந்த போலீசார் டிவி, தையல் மெஷினை உடைத்ததோடு நிற்கவில்லை. படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் வளைகுடா போக எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளையும் துணிகளோடு குவித்துக் கொளுத்தினார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் எரிந்த 200க்கும் மேற்பட்ட வீடுகளிலும் ஏட்டுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எரிந்தன. கொளுத்துகிறவனுக்கு எதைக் கொளுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஒரு டிகிரி சான்றிதழ் ஒரு தலைமுறையின் உழைப்பு என்பது அவனுக்குப் புரிகிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தக் கவலை தீர்ந்தது என்று நாம் நினைத்தோம். 2000களின் தொடக்கத்தில் சிடியில் ஏற்றிய பேட்டிகளை இன்று போட்டால் பல சிடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. திறந்தாலும் அப்போது பாமினியிலும் ஸ்ரீலிபியிலும் வானவில்லிலும் அடித்த துண்டறிக்கைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் இருக்கிறது, படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தவர் செத்துப்போன வட்டெழுத்துபோல. ஆர்குட்டில் நாம் போட்ட சண்டைகள் 2014 செப்டம்பர் 30உடன் முடிந்தன. யாஹூ குழுமங்களில் சேர்ந்த மடல்களும் அடுத்த சில ஆண்டுகளில் போயின. அடுத்தவன் சர்வர் அடுத்தவன் வீடுதான், அவன் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதிதான். 1998இல் பிக்சார் ஸ்டுடியோவில் யாரோ கொடுத்த தவறான ஒரு கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் திறந்தார்கள்; அது சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி காரில் கொண்டுவந்தார்கள். ஒரு தாய்க்குக் கிடைத்த வீட்டு வேலை வசதி ஒரு சினிமாவைக் காப்பாற்றியது!

நமக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹனி பாபுவின் நொய்டா வீட்டில் பீமா கோரேகான் வழக்கின் பேரில் புனே போலீஸ் சோதனை போட்டது. லேப்டாப், ஹார்டு டிஸ்க், பென்டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்டுக்கணக்கான ஆய்வு அதில் இருந்தது. எடுத்த கருவிகளின் ஹாஷ் எண்ணைத் தரவில்லை என்று அவர் அப்போதே சொன்னார். ஹாஷ் என்பது ஒரு ஃபைலின் கைரேகை மாதிரி: உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அது இல்லாவிட்டால், பறிமுதலுக்குப் பிறகு எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? 2021இல் ராம் ராமசாமி உள்ளிட்ட கல்வியாளர்கள், கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு விதிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒரே வீட்டில் மூன்று டிஸ்க் வைத்திருந்தாலும் சோதனை அன்று மூன்றும் ஒரே பைக்குள் போகும்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது வெளியூர்த் தோழர் வீட்டிலோ கிளவுடிலோ. மூன்றாவதைத்தான் நாம் தள்ளிப்போடுவோம். கந்தப்பன் காலத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியது அதுதான். டிஸ்க்கை லேப்டாப்பில் எப்போதும் செருகியே வைக்காதீர்கள். 2017இல் பரவிய வானாகிரை போன்ற வைரஸ் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். போனும் கூகுள் போட்டோஸும் தானாக இணைந்திருப்பதை பேக்கப் என்று நம்பிவிடவும் வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், முதல் நாள் எடுத்த படம் கடைசி நாள் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் தரமும் குறைந்திருக்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய தகவலும் போயிருக்கும். எடுத்த போனிலிருந்தே கேபிள் போட்டு அசல் ஃபைலை இறக்குங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். இறக்கிய அன்றே எண்ணை எடுத்து நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களின், குழந்தைகளின் பெயர் உள்ள ஃபைல்கள் வெளியூர் டிஸ்க்கில் பூட்டில்லாமல் போகவே கூடாது. பிட்லாக்கர், வெராகிரிப்ட் எதுவானாலும் சரி. பழைய பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். பிக்சார்காரர்கள் செய்யாமல் விட்டது அதைத்தான்.

பாஸ்வேர்டு விஷயம் பாக்கி. அலிப்பூர் சாலை வீட்டுக் காகிதங்கள் அந்தக் கதிக்கு ஆளானதில் பாதி, அவை யார் பொறுப்பு என்ற வழக்கால் வந்தது. இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்கைக் கூகுள் இப்போது அழித்துவிடலாம். உங்களுக்கு ஏதாவது ஆனால் கணக்கு யார் கைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்க அதிலேயே ஒரு செட்டிங் இருக்கிறது. செயல்படாத கணக்கு பற்றிய பகுதியில் போய்ப் பாருங்கள், பத்து நிமிட வேலை.